படக்காட்சி அங்கிள்

வெள்ளவத்தையின் படக்காட்சி அங்கிள் வங்கியிலோ அரச திணைக்களத்திலோ இருந்து ஓய்வு பெற்றவர். காலி வீதியிலிருந்து கடற்கரைப் பக்கம் இறங்கும் ஒழுங்கையொன்றில், தொடர்மாடியில் குடியிருப்பார். பிள்ளைகள் டொரொண்டோவிலும் லண்டனிலும். வருடத்துக்கு ஒருமுறை தமிழகத்துக்குத் தலயாத்திரை போவார். கட்டுநாயக்காவிலிருந்து திருச்சிக்கு விமானத்தில் ஏறக்குறைய ஒரு மணித்தியாலம். போய்வந்ததை ஊருக்குக் காட்டி முடிக்கத்தான் மாதக்கணக்கு.

தமிழகக் கோயில்களுக்குள் கைத்தொலைபேசிக்குத் தடை விதிக்கும்படி சென்னை உயர் நீதிமன்றத்தின் மதுரைக் கிளை 2022 டிசம்பரில் உத்தரவிட்டது. ஆகவே அவர் தரிசித்த முக்கியமானவை பல படத்தில் இரா. கோபுரம், செருப்பு வைக்குமிடம், வாழையிலைச் சாப்பாடு, வானுக்குள் வாயைத் திறந்தபடி நித்திரை கொள்ளும் சக யாத்திரிகர் எல்லாம் இருக்கும். இப்படி 240 படம் தேறும். ஒன்றையும் கழிக்க மனம் வராது. எல்லாவற்றையும் ஒரே காட்சியாகக் கோத்து, படத்துக்கு 5 செக்கன் வைத்தால் 20 நிமிடம். ஒரு படம் போய் அடுத்தது வரும் விதத்திலும் அவருக்குத் தனி ருசி உண்டு: மனைவியின் முகம் சதுரங்கக் கட்டங்களாகச் சிதறி, ஶ்ரீரங்கத்து ராஜகோபுரமாக ஒன்றுசேரும். இதுபற்றி மனைவியிடம் அபிப்பிராயம் கேட்கப்படுவதில்லை.

சில கோபுரங்கள் பக்கவாட்டில் படுத்திருக்கும். தொலைபேசி நிமிர்த்திப் பிடித்து எடுத்த படத்தைக் கிடையாகவே சேமித்து, ‘திருப்பிக் காட்டுக’ என்று ஒரு குறிப்பை மட்டும் கோப்புக்குள் எழுதி வைக்கும். அவருடைய பழைய மென்பொருளுக்கு அந்தக் குறிப்பை வாசிக்கத் தெரியாது. லண்டன் மகள் கழுத்தைச் சரித்துக் கும்பிடுவாள்.

அடுத்த சிக்கல் பாட்டு. சினிமாப் பக்திப் பாடலைப் பின்னணியில் வைத்து யூடியூப்பில் ஏற்றினால், பாடலை இயந்திரமே இனங்கண்டு உரிமையாளருக்கு அறிவிக்கும். அந்த உரிமையாளர் விரும்பினால் காட்சியைச் சில நாடுகளில் மட்டும் தடுக்கலாம்; தடைபடும் நாடு எப்படியோ மகன் இருக்கும் நாடாகவே அமையும். தியாகராஜர் கீர்த்தனைக்கு மாறினாலும் விமோசனம் இல்லை. தியாகராஜர் 1847இல் மறைந்தவர், கீர்த்தனைக்கு உரிமை கோர ஆளில்லை. ஆனால் அதைப் பாடிய ஒலிப்பதிவுக்கு ஆள் இருக்கிறது.

கடைசியில் வட்ஸ்அப். ஒழுங்கை முனைக் கொமியூனிகேஷன் கடையில் அநேகமாக நடக்கும் உரையாடல் இது:

“தம்பி, இது ஏன் போகுதில்லை?”

“ஃபைல் பெரிசு அங்கிள். சின்னனாக்கினாப் போகும்.”

“சின்னனாக்கினா முகம் தெரியுமோ?”

“முகம் தெரியும் அங்கிள். ஆர் எண்டுதான் தெரியாது.”

ஆவணமாக அனுப்பினால் 2 ஜீபி வரை போகும். 2022இல் வந்த வசதி. அப்படி அனுப்பியதும் பெறுபவரின் தொலைபேசி நிரம்பும். கூகுளில் போட்டு வைக்கலாம் என்றால், வரம்பில்லாத இலவச இடம் 2021 ஜூன் 1ஆம் திகதியோடு முடிந்துவிட்டது. இப்போதுள்ள 15 ஜீபிக்குள்தான் மின்னஞ்சலும் அடக்கம். கோபுரங்களால் பெட்டி நிறைந்தால் கடிதங்கள் வராமல் நின்றுவிடும், விசாக் கடிதம் உட்பட.

முன்பு படங்காட்டும் முறையே வேறு. கொடக் நிறுவனத்தின் வட்டத்தட்டு ஸ்லைட் புரொஜெக்டர் 1961இல் வந்தது. 80 படம் கொள்ளும் தட்டு அதற்குப் பிரபலம். அப்படிப்பட்ட கருவி இருந்த வீட்டில், அழைக்கப்பட்டவர் விளக்கணைத்த அறையிலிருந்து எழுந்து போக முடியாது. இணையம் அவரை விடுவித்துவிட்டது. படக்காட்சி அங்கிளை அலைக்கழிக்கும் தொழினுட்பக் கோளாறுகளில் பாதி, உண்மையில் அவருடைய உறவினருக்குச் செய்யும் உபகாரம்.

ஆனாலும் எல்லாத் தடையும் தாண்டிக் காட்சி ஒருநாள் வந்தே சேரும். வந்த அரை நிமிடத்தில் “அருமை அங்கிள்” என்று கைகூப்பும் குறி போட வேண்டாம். 20 நிமிடமாவது பொறுக்கவும். பதில் வந்த நேரத்தை அவர் பார்ப்பார்.