ஒயர்க்கூடை அக்கா

மனம் கொதிக்கும்போது வாயை மூடிக் கையை வேலையில் இறக்கி, அதிலேயே தெம்பை மீட்டுக்கொள்பவர் ஒயர்க்கூடை அக்கா எனப்படுவார். இராஜபாளையத்துக்கும் ஸ்ரீவில்லிபுத்தூருக்கும் இடையே சுமார் 12 கிலோமீட்டர். அதற்குள் தெருவுக்கு ஒருவராவது தென்படுவார். அக்கா என்பது பட்டம்தான். வயது ஐம்பதைத் தாண்டியிருக்கும். இவ்வினத்தில் ஆண்களும் உண்டு. ஓய்வுபெற்ற மில் கணக்கர்கள் கூடையைத் தொடமாட்டார்கள்; கவுரவமாக நாற்காலிக்கு ஒயர் பின்னுவார்கள்.

இவ்வினம் இங்கே செழிக்க மண்ணும் ஒரு காரணம். பி. ஏ. சி. இராமசாமி ராஜா ராஜபாளையம் மில்ஸை நிறுவியது 1936-இல். பக்கத்துச் சத்திரப்பட்டியில் பேண்டேஜ் துணி நெய்கிறார்கள். தளவாய்புரத்தில் நைட்டி தைக்கிறார்கள். நூலும் துணியுமாக வளர்ந்த விரல் சும்மா இருக்கச் சொன்னால் இருக்காது. நைட்டி வெட்டிய துண்டு கிடைத்தால் கால்மிதி. உல்லன் நூல் கிடைத்தால் வாசல் தோரணம். எதுவும் கிடைக்காவிட்டால் கடைத்தெருவில் இரண்டு கட்டு ஒயர்.

கூடையின் அளவைக் கொண்டு கவலையின் அளவை அறியலாம். கிரைண்டர் ரிப்பேர் என்றால் டிபன் கூடை. பேரனுக்குப் பிளஸ் டூ பரீட்சை என்றால் காய்கறிக் கூடை. சம்பந்தி வீட்டு மனத்தாங்கல் கல்யாணச் சீர் கொள்ளும் கூடையாக வளரும். பாகப்பிரிவினை நடந்த வீட்டில் கூடைகளை எண்ணுவது நாகரிகமன்று. முடிச்சிலும் தரவரிசை உண்டு: லேசான வருத்தத்துக்குச் சாதா முடிச்சு, ஆழ்ந்த வருத்தத்துக்குச் சிவன் கண், அதையும் மிஞ்சினால் நெல்லிக்காய்.

கூடை பின்னுதல் என்ற மருந்து வேலை செய்யும் விதம் எளியது. முடிச்சை எண்ணுகிறவர் மருமகள் சொன்னதை எண்ண முடியாது. ஒரு வரிசை பிசகினால் அவிழ்த்துவிட்டு மறுபடி போடலாம். சபையில் விட்ட சொல்லை அப்படி அவிழ்க்க வழியில்லை. மேலும், நாள் முழுக்கச் சமைத்தது நாலு நிமிடத்தில் காலியாகும் வீட்டில், முடித்தது முடித்தபடி கண்ணெதிரே நிற்பது கூடை ஒன்றுதான். பிடி போட்டு முடிக்கும்போது அக்காவின் முகம் தெளிந்திருக்கும்.

தெளிவுக்குப் பின் வருவது விநியோகம். "வீட்டுல ஏற்கெனவே ஏழு கிடக்கு, மதினி" என்று தப்பிக்கப் பார்ப்பவருக்கு, "இது வேற கலரு, கொண்டு போ தாயி" என்ற பதில் தயாராக இருக்கும். அனுபவசாலிகள் கூடைக்குள் பால்கோவாவை வைத்து நீட்டுவார்கள், யாரும் மறுப்பதில்லை. பால்கோவா அன்று மாலையே தீரும். ஸ்ரீவில்லிபுத்தூர்ப் பால்கோவா 2019-இல் புவிசார் குறியீடு பெற்றது. கூடை இன்னும் வீட்டுப் பரணில்தான் இடம் பெற்றிருக்கிறது.

இந்தப் பரண் சிக்கலே இல்லாத கைவேலை ஒன்று ஸ்ரீவில்லிபுத்தூர் ஆண்டாள் கோயிலுக்காக நடக்கிறது. ஆண்டாளின் இடக்கையில் அமரும் கிளியைத் தினமும் புதிதாகக் கட்டுகிறார்கள். மரவள்ளி இலையில் உடல், மாதுளம் பூவில் அலகு, கட்டுவதற்கு வாழைநார். மணிக்கணக்கில் பொறுமையாகச் செய்த கிளி வாடிவிடும்; மறுநாள் இன்னொன்று. எத்தனை கிளி செய்தாலும் பரண் தேவைப்படாது.

ஒயர் வாடாது. ஆகையால் அக்காவின் வீட்டில் பரண் நிறைந்ததும் கூடைகள் கட்டிலடிக்கு இறங்கும். கட்டிலடியும் நிறைந்தால் மாடிப்படி. அதற்குமேல் எங்கே வைப்பது என்ற கவலை பிடித்துக்கொள்ளும். அதற்கும் மருந்து இரண்டு கட்டு ஒயர்.