25 டிகிரி

வா பேராண்டி, குந்து. ஒங்க ஆயா மல்லாட்டை வறுத்து வச்சிருக்கா, தின்னுக்கினே கேளு. சட்டையில இன்னாடா குத்தியிருக்க? மைக்கா? நான் எதோ எறா ஒண்ணு ஒட்டிக்கினு வந்துடுச்சின்னு பாத்தன்.

ஊர்ல ஒவ்வொருத்தர் பொழப்புலயும் நடந்த நெசக் கதையெல்லாம் ரேடியோவுல போடப் போறியாம். போடு, வேணாம்னு எவன் சொன்னான்? சமுதாய வானொலின்னா 100 வாட்டுதானாமே. எங்க திண்ணையில தொங்கின குண்டு பல்பும் அதே 100 வாட்டுதான். அதுக்குக் கீழ குந்திக்கினு நாங்க அளக்காத கதையா? அப்ப எவனும் லைசென்ஸ் கேக்கல. இப்ப வாயத் தொறக்கணும்னா டில்லியக் கேக்கணும். 2004-ல அண்ணா யுனிவர்சிட்டிக்காரங்க 90.4-ல ஆரமிச்சப்ப படிப்பு சொல்லித் தர்ற எடத்துக்கு மட்டுந்தான் குடுத்தாங்க. 2006-லதான் மனசு எறங்கி, தொண்டு நிறுவனம் கேட்டாலும் தரலாம்னாங்க. அப்பறம் பாம்பன்ல மீன் புடிக்கறவங்க ‘கடல் ஓசை’ன்னு ஒண்ணு வச்சிக்கினு, காத்து எப்படி கடல் எப்படின்னு அவங்க பேச்சுலயே சொல்லிக்கறாங்க. நம்ம பக்கத்துல காலாப்பட்டு யுனிவர்சிட்டியில ‘புதுவை வாணி’ 107.8 இருக்குது.

அதே யுனிவர்சிட்டிதான் எழுத்தாளர் கி.ரா.வயும் கூப்ட்டு வச்சிக்கிச்சி. கோவில்பட்டிப் பக்கத்து சம்சாரி, பள்ளிக்கூடத்தை முழுசாத் தாண்டாத மனுசன். அவருக்குப் பேராசிரியர் நாற்காலி போட்டு, நாட்டுப்புறக் கதையெல்லாம் சேத்துக் குடுங்கன்னு கேட்டாங்க. 2021-ல அவர் போய்ச் சேந்தப்ப அரசு மரியாதையோட அனுப்பி வச்சாங்க. நானும் பள்ளிக்கூடத்தைத் தாண்டாதவன்தான். இன்னம் ஒருத்தனும் முக்காலி கூடப் போடல.

அமெரிக்காவுல ‘மாத்’துன்னு ஒரு கூட்டம், 1997-லேந்து நெசக் கதை சொல்றதையே வேலையா வச்சிருக்குதுன்னு சொன்னியே, அது இன்னா, விட்டில்பூச்சிதான? ராவுல வெளக்கு வச்சா விட்டில் வரும், கதை சொன்னா ஆளு வரும். இதக் கண்டுபுடிக்க நியூயார்க்கு வரைக்கும் போவணுமா? ஆனா அவங்க சட்டம் ஒண்ணு எனக்குப் புடிச்சிது. காயிதத்தைப் பாத்துப் படிக்கக் கூடாதாம். நீ மொதல்ல அந்தக் கேள்வித்தாளைக் கிழிச்சி மல்லாட்டைத் தோலைப் பொட்டலம் கட்டு.

நீ மைக்கை நீட்டினதும் நம்ம உப்பளத்துல இன்னா சொல்வாங்க தெரியுமா? உப்பு மிதிச்ச காலு செத்தாலும் வேவாதுன்னுவாங்க. கேமரா தூக்கிக்கினு வந்தவங்க எல்லாருக்கும் அதையே சொல்லிச் சொல்லி எங்க நாக்குதான் காய்ச்சிப் போச்சி. நீயும் உச்சுக்கொட்டுவ, பின்னால புல்லாங்குழல் வுடுவ. அதுக்கு எதுக்குடா இவ்ளோ தூரம் பெட்ரோல் போட்டுக்கினு வர்ற? அந்தக் காலு உசுரோட இருக்கறப்ப இன்னா செய்யுதுன்னு கேளு. மழை வுட்டதும் பாத்தியை நாள் கணக்கா மிதிக்கணும். மொத நாள் குதிகாலைப் போட்டா ‘சொதக்’குன்னும். மிதிக்க மிதிக்க, ஒருநாள் ‘டப்’புன்னும். அந்த ‘டப்’பைக் கேட்டாதான் தண்ணி கட்டுவோம். ரேடியோக்காரன் நீ, அதப் புடிச்சிக்கினு போ.

இப்ப தொழில் ரகசியம் சொல்றன். கடல் தண்ணி 3 டிகிரி, சூட்டுக் கணக்கு இல்ல, உப்புக் கணக்கு. பாத்தி பாத்தியா மாத்தி, வெயிலைக் குடிச்சி 25-க்கு வந்தாதான் உப்பு பூக்கும். அவசரப்பட்டுப் பலகையைப் போட்டு இழுத்தா சேறுதான் வரும். 30-ஐத் தாண்ட வுட்டியோ, மெக்னீசியம் எறங்கிக் கசக்கும். ஃபெஞ்சல் புயல் 2024 நவம்பர் 30 ராத்திரி கரையேறிச்சே, தண்ணி வடியறதுக்குள்ள ஒருத்தன் முட்டி வரைக்கும் பேன்ட்டைச் சுருட்டிக்கினு வந்து, “இப்ப ஒங்க மனநிலை எப்படியிருக்கு?”ன்னு கேட்டான். அளம் எது, வரப்பு எதுன்னே தெரியல. 3 டிகிரி தண்ணியில நின்னுக்கினு உப்பு கேக்கறான். இன்னொரு பக்கம் என் பங்காளி. 20 வருசமா ஒரே வரப்புத் தகராறு, சொல்லச் சொல்ல வரப்பு நீண்டுக்கினே போவுது. அங்க மைக்கைக் கொண்டு போனா மைக்கே கசக்கும்.

பதமான கதை வேணுமா? ஒங்க ஆயாளைக் கேளு. ஒரு புரட்டாசியில, மழைக்கு முன்ன கடைசியா உப்பு வாரினப்ப, மெட்டியைக் கழட்டி மடியில முடிஞ்சிருந்தாளாம், காணாமப் போச்சாம். அடுத்த பங்குனியில பலகையை இழுக்கறா, உப்போட உப்பா அந்த மெட்டி வருது. சுத்தி நெல்லிக்கா கணக்கா உப்பு பூத்து, பட்டை பட்டையா மின்னுதாம். “கடலம்மா வாங்கி வச்சிருந்து குடுத்துட்டா”ன்னு சொல்றப்ப இன்னைக்கும் அவளுக்குத் தொண்டை அடைக்கும். கூட வேலை செஞ்ச பொம்பளைங்க அத்தன பேரும் சாட்சி. அப்படியே போடு.

கிட்ட வா, மெதுவாச் சொல்றன். அந்த வருசம் ஐப்பசி, கார்த்திகை ரெண்டு மாசமும் வேலை இல்ல, ஒங்கப்பனுக்கு வேற ஜொரம். மெட்டி மடியிலேந்து எங்கயும் வுழல. நான்தான் அவ தூங்கறப்ப அவுத்துக்கினு போயி திண்டிவனத்துல அடகு வச்சன். மாசியில மீட்டு, நூல்ல கட்டி, 25 டிகிரி தண்ணியில நாலு நாள் தொங்கவுட்டன். அஞ்சாம் நாளு அவ பலகைக்கு முன்னால போட்டுட்டு, ஒண்ணும் தெரியாத மாதிரி பீடி பத்த வச்சன்.

அவ சொல்றதும் நெசந்தான், நான் சொல்றதும் நெசந்தான். எது ரேடியோவுக்குன்னு நீயே… டேய், அந்தப் பொட்டியில செவப்பு வெளக்கு இன்னம் ஏண்டா எரியுது?