புகைக்கு ஒரு புண்ணிய யாத்திரை

ஹாரோ, லண்டன்

அன்புள்ள மாமாவுக்கு,



போனில் நீங்கள் "அந்த டப்பாவைப் பிடுங்கி எறிஞ்சுட்டு நேரா ஒரு பைப்பை வெல்டு வெச்சு உடு கண்ணு, வண்டி பிச்சுக்கிட்டுப் போகும்" என்று சொன்னது நன்றாகக் கேட்டது. நான் சொன்ன பதில்தான் உங்களுக்குக் கேட்டிருக்காது. பின்னால் பட்டறையில் யாரோ லாரிக்கு டிங்கர் வேலை பார்த்துக்கொண்டிருந்தார்கள். அதனால் எழுதுகிறேன். நாமக்கல்லில் ஆயுசு முழுக்க டீசல் புகையைக் குடித்தவருக்கு மருமகன் டீசல் புகை பாடம் எடுப்பது கொஞ்சம் ஓவர்தான். பொறுத்துக்கொள்ளுங்கள்.

புகையின் நிறத்தைப் பார்த்தே "கறுப்பா வந்தா நாசில், நீலமா வந்தா ரிங்கு போச்சு" என்று சொல்லிவிடுவீர்களே, அந்த ஜோசியம் இங்கே பலிக்காது. புகை வெளியே வந்தால்தானே? எங்கள் காரின் சைலன்சருக்குள் விரலை விட்டு வழித்தால் விரல் சுத்தமாக வரும். கரி ஒட்டினால் டப்பா விரிசல் விட்டிருக்கிறது, அல்லது உங்களைப் போன்ற மகானுபாவர் யாரோ அதைக் குடைந்து காலி பண்ணியிருக்கிறார் என்று அர்த்தம்.

அந்த டப்பாவின் பெயர் டி.பி.எஃப்., அதாவது கரி வடிகட்டி. உள்ளே பீங்கான் உருளை. அதில் நெடுக நுண்ணிய குழல்கள். ஒரு குழலுக்கு முன்பக்கம் அடைப்பு, பக்கத்துக் குழலுக்குப் பின்பக்கம் அடைப்பு. உள்ளே போன புகை சுவரைத் துளைத்துக்கொண்டுதான் வெளியேற முடியும். கரி சுவரிலேயே தங்கிவிடும். தங்கித் தங்கி நிறைந்ததும் கார் தானே அதை எரித்துக்கொள்ள வேண்டும். அதற்கு 600 டிகிரி அளவுக்குச் சூடு தேவை. கம்ப்யூட்டர் வேண்டுமென்றே கொஞ்சம் டீசலை அதிகமாகப் பீய்ச்சி, அதைப் புகைக்குழாயில் எரியவைத்து அந்தச் சூட்டை வரவழைக்கிறது. எல்லாம் சரி. ஆனால் கால் மணி நேரமாவது வண்டி நிற்காமல் நல்ல வேகத்தில் ஓட வேண்டும். அங்கேதான் வில்லங்கம்.

எங்கள் கார் எங்கே ஓடுகிறது? பிள்ளைகளின் பள்ளிக்கூடம், ரயில் நிலையம், வெம்பிளி ஈலிங் ரோட்டில் கறிவேப்பிலை. போகிற தெருவெல்லாம் இருபது மைல் வேகம், முக்குக்கு முக்கு சிக்னல். என்ஜின் சூடாவதற்குள் வீடு வந்துவிடும். பிறகு ஏன் டீசல் என்று கேட்பீர்கள். ஏழு சீட் வேண்டும் என்றாள் உங்கள் மருமகள். ஊரிலிருந்து ஆள் வந்துகொண்டே இருக்கிறார்களே. பழைய கார் சந்தையில் ஏழு சீட் என்று தேடினால் வருவதெல்லாம் டீசல்தான். அதற்கும் ஒரு பூர்வ கதை உண்டு. 2001இல் இந்த நாட்டு சர்க்கார் கரியமில வாயுவின் அளவை வைத்து வாகன வரி போட்டது. டீசல் வண்டி மைலுக்குக் குறைவாகத்தான் அந்த வாயுவைக் கக்கும். வரி குறைச்சல் என்றதும் ஊரே டீசலுக்கு மாறியது. பிறகு அதே டீசலின் கரியும் நைட்ரஜன் புகையும் ஆகாது என்று விழித்துக்கொண்டார்கள். 2023 ஆகஸ்ட் 29 முதல் லண்டன் முழுக்க, யூரோ 6 என்ற புகைத் தரத்துக்குக் கீழே உள்ள டீசல் கார் தெருவில் இறங்கினால் நாளுக்கு 12.50 பவுண்டு கட்ட வேண்டும். நம்முடையது யூரோ 6, தப்பித்தது. வாங்கச் சொன்னதும் சர்க்கார், வசூலிப்பதும் சர்க்கார். நம்மூரில் இதைச் செய்திருந்தால் நீங்கள் லாரி ஸ்டிரைக் அறிவித்திருப்பீர்கள்.

முதலில் ஒரு மஞ்சள் விளக்கு எரிந்தது. குழாய் படம், அதற்குள் புள்ளி புள்ளியாகக் கரி. கைப்புத்தகத்தைப் புரட்டினால் வைத்தியம் ஒன்றே ஒன்று: நெடுஞ்சாலையில் போய் ஓட்டு. எங்கே போவது என்று அதில் எழுதவில்லை. அந்தக் குறையை உங்கள் மருமகள் தீர்த்துவைத்தாள். பர்மிங்காம் பக்கம் டிவிடேல் என்ற ஊரில் பாலாஜி கோயில் இருக்கிறது. இங்கிருந்து நூறு மைல் சொச்சம், முக்கால்வாசி தூரம் எம் 40 நெடுஞ்சாலை. அதிலிருந்து விளக்கு எரிந்தால் பெருமாள் கூப்பிடுகிறார் என்று அர்த்தம். புளியோதரை கட்டிக்கொண்டு கிளம்பிவிடுவோம். ஆக்ஸ்போர்டு தாண்டுவதற்குள் விளக்கு அணையும், பின்சீட்டில் பிள்ளைகள் "கோவிந்தா" போடுவார்கள். அக்கம்பக்கத்துத் தமிழர்களிடம் எங்களுக்குப் பக்திமான்கள் என்று பெயர் வந்துவிட்டது. நான் மறுக்கவில்லை.

ஆனால் இந்தக் கார் எப்போது எரிக்கத் தொடங்கும் என்று சொல்லிக்கொண்டு செய்வதில்லை. நாமாகக் கண்டுபிடிக்க வேண்டும். நிற்கும்போது என்ஜின் சத்தம் வழக்கத்தைவிடக் கொஞ்சம் ஏறியிருக்கும். சிக்னலில் தானாக அணையும் என்ஜின் அணையாது. காந்தல் நெடி ஒன்று வரும். ஒரு தடவை கோயிலிலிருந்து திரும்பி, எங்கள் தெரு முனையில் திரும்பும்போது அந்த நெடி. பாதியில் அணைத்தால் எரியாத டீசல் வழிந்து என்ஜின் எண்ணெயோடு கலக்கும். எண்ணெய் குறைகிற வண்டியைத்தானே உங்கள் பட்டறையில் பார்த்திருக்கிறேன். இதில் எண்ணெய் மட்டம் ஏறும்! சரி, வாசலில் நிறுத்தி ஓடவிடலாம் என்றால் நிற்கிற வண்டியில் என்ஜினைச் சும்மா ஓடவிட்டால் இருபது பவுண்டு அபராதம் போட இங்கே சட்டம் இருக்கிறது.

ஆகவே குடும்பத்தை இறக்கிவிட்டுத் தெருவைச் சுற்ற ஆரம்பித்தேன். எதிர்வீட்டு வெள்ளைக்காரப் பாட்டி ஜன்னல் திரையை விலக்கிப் பார்த்தார். அடுத்த சுற்றில் வாசலுக்கு வந்துவிட்டார். அதற்கடுத்த சுற்றில் கையைக் காட்டி நிறுத்தி, "மனைவியோடு சண்டையா? உள்ளே வந்து ஒரு டீ குடித்துவிட்டுப் போயேன்" என்றார். நிறுத்த முடியாத நிலைமையை ஓடுகிற காரிலிருந்து எப்படி விளக்குவது? "பிறகு வருகிறேன்" என்று கையாட்டிவிட்டு மறுபடியும் சுற்றினேன். சண்டைதான் என்று அவருக்கு உறுதியாகிவிட்டது. மறுநாள் உங்கள் மருமகள் கையில் ஒரு கேக்கைக் கொடுத்து, ஆண்கள் அப்படித்தான் என்று ஆறுதல் சொல்லியிருக்கிறார்.

இந்தக் குளிர்காலத்தில் பெருமாளும் கைவிட்டார். டிவிடேல் போயும் விளக்கு அணையவில்லை. திரும்பும் வழியில் இன்னொரு விளக்கும் சேர்ந்துகொள்ள, வண்டி வேகத்தைத் தானே குறைத்துக்கொண்டது. ஆக்சிலேட்டரை எவ்வளவு மிதித்தாலும் நகர்வலம்தான். இங்கே கனரக லாரிகள் 56 மைலுக்கு மேல் போகாதபடி கட்டுப்பாட்டுக் கருவி பூட்டியிருக்கிறார்கள். அந்த லாரிகள் ஒவ்வொன்றாக என்னை முந்திக்கொண்டு போயின. நாமக்கல்காரனை லாரி முந்திய அவமானத்தை நீங்கள் யாரிடமும் சொல்ல வேண்டாம்.

ஒரு பெரிய ஒர்க்‌ஷாப்பில் காட்டினேன். புது வடிகட்டி போட வேண்டும் என்று நாலு இலக்கத்தில் பவுண்டு சொன்னார்கள். அன்றைக்குத்தான் உங்களுக்குப் போன் போட்டேன். உங்கள் யோசனையைச் செய்துகொடுக்க இங்கேயும் ஆள் இருக்கிறார்கள். ஆனால் இந்த ஊர் எஃப்.சி.க்கு எம்.ஓ.டி. என்று பெயர். 2014 பிப்ரவரி முதல், டப்பா இருக்க வேண்டிய வண்டியில் இல்லையென்றால் அங்கேயே ஃபெயில். உள்ளே குடைந்துவிட்டு வெறும் கூட்டை மாட்டி ஏமாற்றியவர்களுக்காக 2018 மே மாதம் விதியை இன்னும் இறுக்கினார்கள்: எந்த நிறத்தில் புகை கண்ணுக்குத் தெரிந்தாலும் ஃபெயில். ரோட்டில் மாட்டினால் ஆயிரம் பவுண்டு வரை அபராதம். பிரேக் இன்ஸ்பெக்டரிடம் டீ வாங்கிக் கொடுத்துப் பேசும் வசதியெல்லாம் இல்லை.

அபராதம் ஒருபுறம் இருக்கட்டும். தென்கிழக்கு லண்டனில் வண்டிகள் ஓயாத சாலைக்குப் பக்கத்தில் வாழ்ந்த ஒன்பது வயதுச் சிறுமி ஒருத்தி ஆஸ்துமா முற்றி 2013இல் இறந்துபோனாள். அவள் சாவுக்குக் காற்று மாசும் ஒரு காரணம் என்று மரண விசாரணை அதிகாரி 2020 டிசம்பரில் எழுதினார். இந்த நாட்டில் அப்படி எழுதப்பட்டது அதுவே முதல் தடவை. காலையில் பள்ளி வாசலில் நிற்கும்போது பாருங்கள் மாமா, பிள்ளைகளின் மூக்கும் கார்களின் சைலன்சரும் ஏறக்குறைய ஒரே உயரத்தில் இருக்கின்றன. டப்பா எனக்குத் தொல்லைதான். இருந்தாலும் அதைப் பிடுங்க மாட்டேன்.

கடைசியில் காப்பாற்றியவர் வெம்பிளி பக்கம் ஒரு யாழ்ப்பாணத்து மெக்கானிக். லேப்டாப்பைச் சொருகிவிட்டு என்னையே ஓட்டச் சொல்லிப் பக்கத்தில் உட்கார்ந்தார். கொஞ்ச தூரம் போனதும், "அண்ணை, உங்கட வடிகட்டியில பிழையில்லை. என்ஜின் சூடாகவே இல்லை. சூடாகாட்டி அது எரிக்கத் தொடங்காது" என்றார். தெர்மோஸ்டாட் திறந்தபடியே மாட்டிக்கொண்டிருந்ததாம். குளிர்ந்த தண்ணீர் ஓயாமல் சுற்றியதால் கம்ப்யூட்டர் எரிக்க அனுமதியே தரவில்லை. குளிரில் எம் 40இல் வேகமாகப் போகப் போக இன்னும்தான் ஆறியிருக்கிறது. சின்ன சாமான், நாலு இலக்கத்துக்குப் பக்கத்திலேயே வராத விலை. அதை மாற்றி, நின்ற இடத்திலேயே லேப்டாப் வழியாகக் கரியை எரிக்கவைத்து, எண்ணெயையும் மாற்றினார். சாம்பல் குறைந்த ரக எண்ணெய்தான் ஊற்ற வேண்டும் என்று கண்டிப்பாகச் சொல்லியிருக்கிறார். கரி எரிந்துபோகும், எண்ணெயின் சாம்பல் எரியாது, டப்பாவுக்குள்ளேயே தங்கிவிடுமாம். உங்கள் கடையில் பீப்பாயிலிருந்து ஊற்றுவீர்களே, அதைப் பற்றி அவரிடம் நான் மூச்சு விடவில்லை.

வீட்டிலிருந்து பட்டறைக்குப் போய்வரப் புது டீசல் கார் பார்ப்பதாக அத்தை சொன்னார்கள். வேண்டாம் மாமா. 2020 ஏப்ரலில் பி.எஸ். 6 புகை விதி வந்ததிலிருந்து அங்கேயும் இதே டப்பாதான். மாருதி அந்த மாதத்தோடு டீசலையே விட்டுவிட்டது. இரண்டு கிலோமீட்டருக்குப் பெட்ரோல் எடுங்கள். இல்லையென்றால் வாரா வாரம் நீங்களும் திருப்பதிதான்.

விசா வந்துவிட்டது என்று கேட்டு சந்தோஷம். ஒரு விஷயம் மட்டும் அத்தையிடம் இப்போதே சொல்லிவையுங்கள். ஹீத்ரோவிலிருந்து எங்கள் வீடு பக்கம்தான்; காருக்கு அந்தத் தூரம் பற்றாது. இறங்கியதும் உங்களை ஏற்றிக்கொண்டு ஆக்ஸ்போர்டு வரை போய்த் திரும்பித்தான் வீடு. ஊரைச் சுற்றிக் காட்டுகிறான் மருமகன் என்று சொல்லிச் சமாளியுங்கள். வழியில் எங்கேயும் நிறுத்த முடியாது. விமானத்திலேயே பாத்ரூம் போய்விட்டு இறங்கச் சொல்லுங்கள்.

இப்படிக்கு,
உங்கள் அன்பு மருமகன்