வயரில்லாக் குடித்தனம்

வயர்லெஸ் கீபோர்டும் மவுஸும் வாங்குவதென்று முடிவானதும் நான் முதலில் வாங்கியது ஒரு நோட்டு. எந்தப் பொருளையும் முறைப்படி சோதித்து, மார்க் போட்டு, அப்புறம்தான் வைத்துக்கொள்வதா திருப்பிக் கொடுப்பதா என்று தீர்மானிக்க வேண்டும் என்பது என் கொள்கை. மிக்ஸியிலிருந்து மாப்பிள்ளை வரை எதையும் பரீட்சை வைக்காமல் வாங்குவதால்தான் ஜனங்கள் அவதிப்படுகிறார்கள் என்று சொல்லிக்கொண்டே அட்டை போட்டேன். “எங்கப்பா கையில அப்ப ஒரு நோட்டு இல்லாமப் போச்சே” என்றாள் என் மனைவி.

ரிச்சி தெருவில் ஆயிரத்துச் சொச்சத்துக்கு ஒரு செட் அகப்பட்டது. கீபோர்டுக்கு பேட்டரி இரண்டு வருஷம் வரும், மவுஸுக்கு ஒரு வருஷம், 10 மீட்டர் தூரம் வரை வேலை செய்யும் என்று பெட்டி மேல் போட்டிருந்தது. எங்கள் ஹாலின் நீளமே 14 அடி. மீதி தூரத்துக்குக் கொடுத்த காசு பக்கத்து வீட்டுக்காரருக்காக என்று வைத்துக்கொள்ள வேண்டியதுதான்.

தூரப் பரீட்சையை முதலில் வைத்தேன். கீபோர்டைத் தூக்கிக்கொண்டு நான் சமையலறை வாசலில் நிற்க, என்ன விழுகிறது என்று பார்த்துச் சொல்ல மனைவியைக் கம்ப்யூட்டர் முன் உட்கார வைத்தேன். தட்டியது ‘சாப்பாடு ரெடியா’. விழுந்தது ‘சாபாடு ரெடியா’. 1999-ல் சென்னையில் மாநாடு கூட்டி முடிவு செய்தார்களே, அந்தத் தமிழ்99 முறையில்தான் நான் தட்டுவது. அதில் ஒரே எழுத்தை இரண்டு முறை தட்டினால் முதல் எழுத்துக்குத் தானாகப் புள்ளி விழுந்துவிடும். இரண்டு தட்டில் ஒன்று காற்றோடு போனால் சாப்பாடு சாபத்தில்தான் முடியும். “ஆச்சு, வந்து உக்காருங்க” என்று மனைவி எழுந்துவிட்டதால் அன்றைய பரீட்சை முடிந்தது.

எழுத்தைத் தின்றது யார் என்று பிறகு தெரிந்தது. இந்த செட்டுகள் 2.4 கிகாஹெர்ட்ஸ் அலைவரிசையில் பேசுகின்றன. வைஃபை, புளூடூத், மைக்ரோவேவ் அடுப்பு எல்லாம் அதே சந்தில்தான் குடியிருக்கின்றன. போதாததற்கு, உள்ளே நீல நிறமாக இருக்குமே அந்த யூஎஸ்பி 3 வகைச் சொருகுவாயும் அதில் மாட்டும் ஹார்ட் டிஸ்கும் அதே அலைவரிசையில் இரைச்சல் கிளப்பும். இன்டெல் நிறுவனமே 2012-ல் இதைப் பற்றி ஓர் அறிக்கை வெளியிட்டிருக்கிறது. நானோ நகத்தளவு ரிசீவரை ஹார்ட் டிஸ்குக்குப் பக்கத்திலேயே சொருகி வைத்திருந்தேன். கழற்றி முன்பக்கத்தில் தனியாக இருந்த கறுப்புச் சொருகுவாயில் மாட்டியதும் ‘ப்’ திரும்பி வந்தது.

அடுத்து விசைகளின் மென்மை. இதற்கு மனைவிதான் நீதிபதி. இரண்டு விரலால் தேடித் தேடிக் குத்துகிறவன் நான். அவள் ஆங்கிலத்திலும் தமிழிலும் டைப்ரைட்டிங் ஹையர் பாஸ் செய்தவள். அதாவது ஆங்கிலத்தில் நிமிஷத்துக்கு 45 வார்த்தை. இன்ஸ்டிட்யூட்டில் பழைய ரெமிங்டனோடு மல்லுக்கட்டிய விரல்கள் இறங்கியபோது பிளாஸ்டிக் கீபோர்டு நடுவில் லேசாக வளைந்து கொடுத்தது. “சத்தமே வரலையே, அடிச்ச மாதிரியே இல்ல” என்று தள்ளிவிட்டாள். சத்தமில்லாமல் இருப்பதற்குத்தான் கூடுதலாக இருநூறு ரூபாய் கொடுத்திருந்தேன். அதைச் சொல்லவில்லை.

கேப்ஸ் லாக் விளக்கு விஷயத்தில் மட்டும் கம்பெனியை நான் மன்னிக்கத் தயாரில்லை. விளக்கு எரிந்தால் பேட்டரி தீரும் என்று விளக்கையே எடுத்துவிட்டார்கள். மலிவான வயர்லெஸ் கீபோர்டுகள் பலவற்றில் இதே கதைதான். பாஸ்வேர்டு பெட்டியிலோ வெறும் புள்ளிகள்தான் தெரியும். நாம் அடித்தது பெரிய எழுத்தா சின்ன எழுத்தா என்று அந்தக் கடவுளுக்கும் கரண்ட் பில் கட்டும் இணையதளத்துக்கும்தான் வெளிச்சம். தப்பு, தப்பு, தப்பு என்று சொல்லிவிட்டு அது கதவைச் சாத்திக்கொண்டது.

மவுஸின் பிரச்சினை வேறு. எங்கள் மேஜைக்குக் கண்ணாடி மேல்பலகை. மவுஸின் அடிவயிற்றில் ஒரு குட்டிக் கேமரா இருக்கிறது. மேஜைப் பரப்பை விநாடிக்கு ஆயிரக்கணக்கில் படம் பிடித்து, முந்தைய படத்தோடு ஒப்பிட்டு, எந்தப் பக்கம் நகர்ந்தோம் என்று அது கணக்குப் போடும். கண்ணாடியில் படம் பிடிக்க என்ன இருக்கிறது? அம்புக்குறி நின்ற இடத்தில் நின்று நடுங்கியது. அலமாரியிலிருந்து கெட்டியான கல்யாணப் பத்திரிகை ஒன்றை எடுத்துக் கீழே வைத்தேன். அருமையாக ஓடியது. அந்த நேரம் பார்த்து அம்மா வந்தார். பத்திரிகையின் நடுவில் பிள்ளையார்.

“என்னடா இது, வாகனம் சாமி மேல ஏறுது?”

பதில் சொல்லத் தெரியாமல் பத்திரிகையைத் திருப்பி வைத்தேன். இப்போது மவுஸ், தங்கள் நல்வரவை விரும்பும் சுற்றத்தார் மேல் ஓடுகிறது. பெரியப்பா பெயருக்கு வரும்போது மட்டும் கொஞ்சம் முரண்டு பிடிக்கிறது. அந்த இடத்தில் ஜிகினா.

இவ்வளவுக்கும் மார்க் போட்டுவிட்டேன். நோட்டில் கட்டம் போடாமல் விட்ட விஷயம்தான் என்னை ஆட்டி வைக்கிறது. வயர் இருந்த காலத்தில் கீபோர்டு என்றால் அது கம்ப்யூட்டரோடு கிடக்கும், யாரும் தூக்கிப் போக முடியாது. வயர் போனதும் அதற்குக் கால் முளைத்துவிட்டது. மவுஸைத் தலையணைக்கடியில் எடுத்திருக்கிறேன், ஃப்ரிட்ஜ் மேல் எடுத்திருக்கிறேன். பையன் ரிசீவரைப் பிடுங்கி டிவியில் சொருகிவிட்டு சோபாவில் படுத்தபடி படம் மாற்றுகிறான். கட்டிலில் கிடந்த கீபோர்டின் மேல் யாரோ மடித்த துணியை அடுக்கியதில், ஸ்பேஸ் பார் அழுந்தி, அடுக்ககச் சங்கத்துக்கு நான் எழுதி வைத்திருந்த புகார் கடிதத்தின் நடுவே பக்கம் பக்கமாக வெற்றிடம். சங்கச் செயலாளரைக் கேட்டால் உருப்படியான பகுதி அதுதான் என்பார்.

பேட்டரி இன்னொரு கூத்து. மவுஸுக்கு டபுள் ஏ ஒன்று, கீபோர்டுக்கு ட்ரிபிள் ஏ இரண்டு. ஏசி ரிமோட்டுக்கும் ட்ரிபிள் ஏ இரண்டுதான் என்பதை மே மாதம் வந்ததும் வீடே கண்டுபிடித்துவிட்டது. கம்பெனி சொன்ன இரண்டு வருஷம் பொய்யில்லை. இரண்டு வருஷமும் கீபோர்டுக்குள்ளேயே இருக்கும் என்று அவர்கள் எங்கேயும் சொல்லவில்லையே. பதிலுக்கு நானும் மவுஸுக்கு வேண்டி ஹால் கடிகாரத்தில் கை வைத்தேன். வெள்ளிக்கிழமை 10.25-க்குக் கடிகாரம் நின்றது. அன்று முழுக்க எங்கள் வீட்டில் ராகு காலம் வரவேயில்லை. அம்மா அன்று தொடங்கிய காரியமெல்லாம் ஜாம்ஜாமென்று நடந்ததால் நான் தப்பினேன்.

பக்கத்து வீட்டுக்காரர் என்று சொன்னது வெறும் வேடிக்கை இல்லை. 2016-ல் பாஸ்டில் என்ற அமெரிக்கப் பாதுகாப்பு நிறுவனம் ஒரு விஷயத்தைக் கண்டுபிடித்தது. சில மலிவு வயர்லெஸ் கீபோர்டுகள் தட்டுகிற எழுத்தை மறையாக்கம் செய்யாமல் அப்படியே காற்றில் விடுகின்றன. 250 அடி தூரத்திலிருந்துகூட அதைப் பிடித்துப் படிக்கலாம். படித்ததும் உடனே போய் என் பெட்டியைப் புரட்டினேன். 128 பிட் மறையாக்கம் என்று ஓரத்தில் பொடி எழுத்தில் இருந்தது. நிம்மதி. என் மளிகைச் சீட்டும், ஊறுகாய் பாட்டில் ஒழுகியதைப் பற்றி நான் எழுதிய மூன்று புகார்களும் பத்திரமாக இருக்கின்றன.

இதைப் பார்த்துவிட்டு வாங்கலாமா என்று கேட்கிறவர்களுக்கு: வாங்கலாம். பேட்டரி அறைக்குள் ரிசீவரைச் செருகி வைக்க இடம் இருக்கிறதா, மவுஸுக்கு அடியில் ஆன்–ஆஃப் சுவிட்ச் இருக்கிறதா என்று பாருங்கள். பெட்டி ஓரத்துப் பொடி எழுத்தை விடாதீர்கள். கணக்கு எழுதுகிறவர்கள் வலது பக்கத்து எண் பட்டை இல்லாத செட்டைத் தொடவே வேண்டாம். கூடவே நாலு பேட்டரி வாங்கி வீட்டில் யாருக்கும் சொல்லாமல் ஒளித்து வையுங்கள். நான் என் ஷேவிங் டப்பாவுக்குள் வைத்திருக்கிறேன். இந்த இதழ் வீட்டுக்கு வருவதற்குள் வேறு இடம் பார்க்க வேண்டும்.