கதவு திறந்தேதான் இருக்கிறது

அமெரிக்காவில் ஏழைக்கும் கல்லூரி உண்டு. கம்யூனிட்டி காலேஜ் என்று பெயர். 1901-இல் இல்லினாய் மாநிலத்து ஜோலியட் நகரில் தொடங்கிய கல்லூரிதான் அரசு சார்ந்தவற்றில் மூத்தது. இன்று கலிஃபோர்னியாவில் மட்டும் 116 இருக்கின்றன. மதிப்பெண் கேட்க மாட்டார்கள். சிபாரிசுக் கடிதம் வேண்டாம். பதினெட்டு வயதா, வா. நாற்பதா, நீயும் வா. பள்ளியைப் பாதியில் விட்டாயா, அடடா, உனக்காகத்தானே காத்திருக்கிறோம்! இப்படி இரண்டு கையையும் விரித்து நிற்கிற ஒரு நிறுவனத்தைக் குறை சொல்ல யாருக்காவது மனம் வருமா? எனக்கும் வரவில்லை. புகழ்ந்துவிட்டுப் போகிறேன்.

வந்தவரை அப்படியே பாடத்தில் உட்காரவைத்துவிட்டால் கல்லூரியின் மரியாதை என்னாவது? அதற்கென்று பல பத்தாண்டுகள் ஓர் அருமையான ஏற்பாடு நடந்தது. சேரும்போதே கணினி முன்னால் ஒரு பிளேஸ்மென்ட் டெஸ்ட். “இதில் ஃபெயிலே கிடையாது, படித்துவிட்டு வரத் தேவையில்லை, உங்களுக்கு எந்த வகுப்பு பொருந்தும் என்று பார்க்கத்தான்” என்று கவுன்ட்டரில் இருப்பவர் கனிவாகச் சொல்வார். பின்னங்களைக் கடைசியாகப் பார்த்து இருபது வருடமான பெண் அதை நம்பி உட்காருவார். எழுந்திருக்கும்போது கையில் ஒரு தாள் வரும். எண்கணிதம், அதன்மேல் முன்-இயற்கணிதம், அதன்மேல் தொடக்க இயற்கணிதம், அதன்மேல் இடைநிலை இயற்கணிதம். எந்தப் படியில் நிற்கிறாரோ அங்கிருந்து ஏறிவந்தால் கல்லூரிக் கணக்கின் வாசல். ஏறுகிற படிகளில் ஒன்றுகூட நான்காண்டுப் பட்டத்துக்குச் சேராது. ஆனால் ஒவ்வொன்றுக்கும் கட்டணம் உண்டு, புத்தகம் உண்டு, வீட்டுப்பாடத்தைத் திறப்பதற்கு இணையக் குறியீடு என்று தனிக்காசும் உண்டு. காலம் முடிந்தால் அந்தக் குறியீடு செத்துப்போகும். பழைய புத்தகக் கடையில் போட்டுப் பாதி விலை தேற்றலாம் என்ற ஏழையின் கடைசி சாமர்த்தியத்துக்கும் பட்டை நாமம்.

மத்திய அரசின் பெல் உதவித்தொகை இருக்கிறதே என்பீர்கள். இருக்கிறது. வாழ்நாளுக்கு 12 பருவங்கள். 18 ஆக இருந்ததை 2012-இல் சுருக்கினார்கள். உதவித்தொகையில் தொடக்க இயற்கணிதம் படித்த பருவமும் அந்தப் பன்னிரண்டில்தான் கழியும். பட்டத்தில் ஏறாத படிப்பு, கெடுவில் மட்டும் கச்சிதமாகக் கழிகிறது. இதைவிடச் சிறந்த கழித்தல் பாடம் எந்த வகுப்பறையில் கிடைக்கும்?

பாடத்தைப் பற்றிச் சொல்ல வேண்டுமானால், நம் பள்ளிகளில் எட்டாம் ஒன்பதாம் வகுப்பில் வருவதுதான். குறை எண்கள், ஒருபடிச் சமன்பாடு, நேர்கோட்டின் சாய்வு, அடுக்குகள், காரணிப்படுத்தல். அடைப்பு, அடுக்கு, பெருக்கல், வகுத்தல், கூட்டல், கழித்தல் என்ற வரிசை மறக்காமலிருக்க, ‘என் அருமை அத்தை சாலியைத் தயவுசெய்து மன்னியுங்கள்’ என்று பொருள்படும் ஒரு வாக்கியத்தை அமெரிக்கப் பிள்ளைகள் உருப்போடுவார்கள். ஏன் அந்த வரிசை என்று யாராவது கேட்டால் சொல்ல நேரமில்லை, பருவத்துக்குள் புத்தகம் முடிய வேண்டும். அத்தைக்கு மன்னிப்பு உண்டு. கழித்தல் குறியை அடைப்புக்குள் கொண்டுபோக மறந்தவருக்குக் கிடையாது.

பிறகு வாழ்க்கைக் கணக்குகள். 20 சதவீத அமிலத்தையும் 50 சதவீத அமிலத்தையும் கலந்து 30 சதவீத அமிலம் 12 லிட்டர் வேண்டும், எதில் எவ்வளவு? இந்தப் பன்னிரண்டு லிட்டர் அமிலத்தை வைத்துக்கொண்டு யார் என்ன செய்யப்போகிறார் என்பது பாடத்திட்டத்தில் இல்லை. வகுப்பில் மூன்றாவது வரிசையில் இருக்கிற பெண் பகலெல்லாம் சலூனில் முடிக்குச் சாயம் போடுகிறவர் என்று வைத்துக்கொள்வோம். 20 வால்யூம் டெவலப்பரையும் 40 வால்யூம் டெவலப்பரையும் சரிபாதி கலந்து 30 வால்யூம் எடுப்பது அவருக்குக் கைப்பழக்கம். ஒருத்தர் தலையும் வெந்ததில்லை. அதே பெண் மாலையில் காகிதத்தில் அமிலத்தைக் கண்டதும் கை நடுங்கிப்போகிறார். இரண்டும் ஒரே கணக்கு என்று அவரிடம் யாரும் சொல்லவில்லை. சொல்லியிருந்தால் பாஸாகித் தொலைத்திருப்பாரே!

சொல்லிக்கொடுப்பவரைத் திட்டாதீர்கள். இந்தக் கல்லூரிகளின் ஆசிரியர்களில் பெரும்பான்மையினர் பகுதிநேரக்காரர்கள். ஒரு கல்லூரி மாவட்டத்தில் அவர்களுக்கு முழுநேர வேலையில் 67 சதவீதத்துக்குமேல் கொடுக்கக்கூடாது என்பது கலிஃபோர்னியச் சட்டம். மிச்ச வயிற்றுக்கு அடுத்த மாவட்டம், அதற்கடுத்த மாவட்டம் என்று நெடுஞ்சாலையிலேயே வாழ்வதால் ‘ஃப்ரீவே ஃப்ளையர்’ என்றே பெயர் விழுந்துவிட்டது. பலருக்கு அலுவலகம் காரின் டிக்கிதான். எதிரெதிரே புறப்பட்ட இரண்டு ரயில்கள் எப்போது சந்திக்கும் என்ற கணக்கை இவர்களைவிட உணர்ந்து நடத்த யாரால் முடியும்? மாணவி நைட் ஷிஃப்ட் முடிந்து உள்ளே வருகிறார், ஆசிரியர் அடுத்த ஊருக்குப் புறப்படுகிறார். சந்திக்கும் இடம் கார் நிறுத்துமிடம், சந்தேகம் கேட்க நான்கு நிமிடம்.

இனி இந்த ஏற்பாட்டின் உண்மையான அழகுக்கு வருகிறேன். அது பெருக்கலில் இருக்கிறது. மூன்று படி ஏற வேண்டிய நூறு பேரை எடுத்துக்கொள்ளுங்கள். ஒவ்வொரு படியிலும் 70 சதவீதத் தேர்ச்சி என்று தாராளமாகவே வைப்போம். தேறியவர்களில் 80 சதவீதம் அடுத்த பருவம் பணம் கட்டித் திரும்பி வருகிறார்கள் என்றும் வைப்போம். முதல் படியில் தேறியவர் 70. திரும்பி வந்தவர் 56. இரண்டாம் படியில் 39. வந்தவர் 31. மூன்றாம் படி முடிந்ததும் எண்ணினால் 22. எந்த ஆசிரியரும் கொடுமைக்காரர் இல்லை, எந்த வகுப்பிலும் பெருந்தோல்வி இல்லை, 78 பேரைக் காணோம். கற்பனைக் கணக்குதான். நிஜம் இதைவிட மோசம். கொலம்பியா பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த கம்யூனிட்டி காலேஜ் ஆய்வு மையம் 2010-இல் கணக்கெடுத்தபோது, மூன்று படி அல்லது அதற்கும் கீழே தள்ளப்பட்டவர்களில் படிவரிசையை முடித்தவர் ஐந்தில் ஒருவர்கூட இல்லை. விட்டுப்போனவர்களில் தோற்று ஓடியவர்களைவிட, அடுத்த வகுப்பில் சேராமலே போனவர்கள்தான் அதிகம். பிணமில்லாத கொலைக்கு வழக்குப் போட முடியுமா?

இதையெல்லாம் நிர்வாகக் கோளாறு என்று நினைக்கிற அப்பாவிகளுக்கு ஒரு பழைய கட்டுரையை நினைவுபடுத்துகிறேன். 1952-இல் எர்விங் காஃப்மன் என்ற சமூகவியலாளர் சூதுக் கும்பல்களின் தொழில்முறையைப் பற்றி எழுதினார். ஏமாந்த சோணகிரியின் பணத்தை உருவியபின் கும்பல் மொத்தமும் ஓடிவிடாது. ஒருவன் மட்டும் பின்தங்கி நிற்பான். தோளில் கைபோட்டு, நடந்தது நடந்துவிட்டது, உங்கள் மேலும் கொஞ்சம் தப்பிருக்கிறது, போலீஸ் கீலீஸ் என்று போகாதீர்கள் என்று சூடு ஆற்றி அனுப்புவது அவன் வேலை. எட்டு வருடம் கழித்து, 1960-இல், பர்ட்டன் கிளார்க் என்ற இன்னொரு சமூகவியலாளர் சான் ஹோசே நகரத்து ஜூனியர் கல்லூரியை ஆராய்ந்துவிட்டு, காஃப்மனின் அதே கருத்தைக் கல்லூரிக்கு எடுத்து வைத்தார். எல்லாரையும் சேர்த்துக்கொள், தேர்வு வை, கீழ்வகுப்பில் போடு, ஆலோசகரை விட்டுப் பேசச்சொல், இது நமக்கு ஒத்துவராது என்று மாணவரே முடிவெடுக்கும்வரை பொறுமையாக இரு. அவர் இதைக் கண்டனமாகக்கூட எழுதவில்லை. எல்லாருக்கும் ஆசைகாட்டிவிட்டுச் சிலருக்கே இடம் வைத்திருக்கிற சமூகம் கலகமில்லாமல் நடக்க இப்படி ஓர் உறுப்பு வேண்டியிருக்கிறது என்று விளக்கினார், அவ்வளவே. பிள்ளையையும் கிள்ளித் தொட்டிலையும் ஆட்டுவதற்கு அமெரிக்கச் சமூகவியலில் அறுபது வருடத்துக்கு மேலாக மேற்கோள் இருக்கிறது.

இங்கே புகழ்ச்சி எனக்குத் தொண்டையில் சிக்குகிறது.

ஏனென்றால் அந்தத் தேர்வே பொய். பல கல்லூரிகள் வேதவாக்காக வைத்திருந்த ‘காம்பஸ்’ தேர்வை, மாணவர்களைச் சரியான வகுப்பில் சேர்க்க அது முன்போலப் பயன்படவில்லை என்று சொல்லி, தயாரித்த ஏசிடி நிறுவனமே 2016-இல் கடையைக் கட்டியது. அதற்கு முன்பே, இத்தகைய தேர்வு எழுதியவர்களில் கணக்கில் ஏறக்குறைய நான்கில் ஒருவர் படுமோசமாகத் தவறான இடத்தில் வைக்கப்படுகிறார் என்று மேற்சொன்ன ஆய்வு மையத்தினர் சொல்லிவிட்டார்கள். நியூயார்க் நகரப் பல்கலைக்கழகம் 2013-இல் இன்னும் ஒரு படி மேலே போனது. தொடக்க இயற்கணிதம் கட்டாயம் தேவை என்று முத்திரை குத்தப்பட்டவர்களைச் சீட்டுக் குலுக்குவதுபோலப் பிரித்து, ஒரு பகுதியினரை நேராகக் கல்லூரிப் புள்ளியியலில் உட்காரவைத்துத் துணைக்கு ஒரு பயிற்சிப் பட்டறையும் கொடுத்தார்கள். கீழ்வகுப்புக்குத்தான் லாயக்கு என்று சொல்லப்பட்டவர்களில் 56 சதவீதம் மேல்வகுப்பில் தேறினார்கள். வழக்கமான தொடக்க இயற்கணிதத்தில் போட்டவர்களில் தேறியவர் 39 சதவீதம்.

சரி, தப்பாகத் தள்ளிவிட்டோம் என்று தெரிந்தபின் என்ன செய்தார்கள்? காம்பஸ் தேர்வை வைத்து இத்தனை வருடம் தடுத்துநிறுத்தியவர்களில் ஒருவருக்காவது மன்னிப்புக் கடிதம் போனதாக நான் கேள்விப்படவில்லை. கட்டிய பணம், கழிந்த பெல் பருவம், குழந்தையைப் பக்கத்து வீட்டில் விட்டுவிட்டு வந்த மாலைகள், எதுவும் திரும்பாது. அந்தப் பெண் இன்றும் “எனக்குக் கணக்கு வராதுங்க” என்றுதான் சொல்லிக்கொண்டிருப்பார். கீழ்வகுப்புக்குப் போனவர்களில் கறுப்பின மாணவர்களும் லத்தீன் அமெரிக்க வம்சாவளியினரும் அவர்கள் தொகைக்கு மிஞ்சி இருந்ததைத் தற்செயல் என்று நம்புகிறவர்கள் நம்பிக்கொள்ளட்டும்.

நாம் சிரிக்கலாம். அமெரிக்காக்காரனுக்குக் கூட்டல்கூடத் தெரியாது என்று வாட்ஸ்அப்பில் தமிழர்களுக்கு ஒரு நிரந்தர நகைச்சுவை உண்டு. சிலிக்கான் பள்ளத்தாக்கில் அதே கல்லூரிக் கட்டடத்தின் அடுத்த அறையில் கோடை விடுமுறைக்கு உட்கார்ந்திருப்பது யார் என்றும் பார்த்துவிட்டுச் சிரிப்போம். பள்ளியில் படிக்கும்போதே கால்குலஸை முடித்துவிட்டால் பெர்க்லி பல்கலைக்கழக விண்ணப்பம் பளபளக்கும் என்று நம் வீட்டுப் பிள்ளைகள் காரில் வந்து இறங்குகிறார்கள். அதில் தப்பொன்றும் இல்லை. சுவருக்கு இந்தப் பக்கம் ஏணியாக இருப்பது அந்தப் பக்கம் வேலியாக இருக்கிறது என்பது மட்டும் அப்பா அம்மாக்களின் கண்ணில் படுவதில்லை.

இந்த ரணத்தைப் பார்த்து ஒரு மருத்துவரும் வந்தார். ஆண்ட்ரூ ஹேக்கர் என்ற அரசியல் அறிவியல் பேராசிரியர் 2012-இல் நியூயார்க் டைம்ஸில் இயற்கணிதம் தேவைதானா என்று கேட்டார். 2016-இல் அதையே புத்தகமாக்கினார். தோற்றவர்களின் வலியை அவர் சரியாகவே பார்த்தார். சிகிச்சைதான், ஏழைக்கு எக்ஸ் எதற்கு என்கிற இடத்தில் போய் முடிகிறது. பணக்காரப் பள்ளிகளில் யாரும் அந்தக் கேள்வியைக் காதில் போட்டுக்கொள்ளப் போவதில்லை, அங்கே வழக்கம்போல எட்டாம் வகுப்பிலேயே இயற்கணிதம் நடக்கும். பாப் மோசஸ் இதற்கு நேரெதிர். மிசிசிப்பியில் கறுப்பின மக்களை வாக்காளர் பட்டியலில் சேர்க்கப்போய் மண்டை உடைபட்டவர். அங்கேயும் வாசலில் ஒரு தேர்வுதான் இருந்தது. மாநில அரசியல் சாசனத்தின் ஒரு பகுதியை வாசித்து, பதிவாளர் மனம் நிறையும்படி விளக்க வேண்டும். அவர் மனம் யாருக்கு நிறையும் என்பது எல்லாருக்கும் தெரிந்ததே. அந்த மோசஸ் 1980-களில் அல்ஜீப்ரா புராஜெக்ட் தொடங்கி, வாக்குரிமைபோல இயற்கணிதமும் குடிமை உரிமை என்று வாதாடி, 2021-இல் சாகும்வரை அதையே செய்தார். வாசலில் தேர்வு வைக்கிறவனை அவருக்குப் பார்த்ததும் தெரிந்திருக்கும்.

கலிஃபோர்னிய அரசுக்கும் ஞானம் பிறந்தது. 2017-இல் ஏபி 705 என்று சட்டம் வந்தது. பள்ளி மதிப்பெண்ணைப் பார்த்து நேராகக் கல்லூரிக் கணக்கில் சேர்த்துக்கொள் என்றார்கள். 2022-இல் ஏபி 1705 அதை இன்னும் இறுக்கியது. கல்லூரிக் கணக்கை முடித்தவர்கள் தொகை உண்மையிலேயே கூடியது. ஆக, அத்தனை வருடம் அத்தனை பேரை வெளியில் நிறுத்தியது வீண் என்று அரசே ஒப்புக்கொண்ட மாதிரிதான். நல்ல காரியம், கைதட்டுகிறேன். கூடவே பல கல்லூரிகளின் பாடப்பட்டியலிலிருந்து தொடக்க இயற்கணிதம் என்ற வரி காணாமல் போனது. நாற்பது வயதில், யாரும் தள்ளிவிடாமல், எனக்கு ஒன்றுமே நினைவில்லை, முதலிலிருந்து சொல்லிக்கொடுங்கள் என்று தானாக வந்து நிற்பவருக்கு இப்போது அந்த வகுப்பு இல்லை. வேண்டாதவர்களைப் பிடித்து அடைத்த அறையை, வேண்டும் என்று ஒருவர் கேட்கும்போது இடித்துவிட்டார்கள். நேராகப் புள்ளியியலில் உட்காருங்கள், துணை வகுப்பு இருக்கிறது, ட்யூட்டர் இணையத்தில் இருக்கிறார் என்பார் ஆலோசகர். துணை வகுப்பை யார் நடத்துகிறார் என்கிறீர்களா? நம் ஃப்ரீவே ஃப்ளையர்தான், இன்னும் டிக்கியோடுதான்.

பார்க்கிங் பர்மிட் வாங்க மறந்துவிடாதீர்கள். இல்லாமல் வண்டியை விட்டால் வகுப்பு முடிந்து வருவதற்குள் கண்ணாடியில் அபராதச் சீட்டு இருக்கும். எந்த வண்டி எந்த வரிசையில் நிற்க வேண்டும் என்பதில் மட்டும் இந்தக் கல்லூரிகள் ஒருநாளும் தவறியதில்லை.