விலாசம் உள்ள பொருள்

1984 ஜூன் மாதம், ஒரு சனிக்கிழமை. எனக்குப் பதினொரு வயது. மதுரை தெற்கு மாசி வீதியிலிருந்து பிரியும் ஒரு சந்தில் குடியிருந்தோம். ரேஷன் கடையில் கோதுமையும் சீனியும் வாங்கி, வரும் வழியில் கோதுமையை மில்லில் அரைத்துக்கொண்டு வர வேண்டும். "கார்ட பத்திரமா வச்சுக்க. அங்கிட்டு இங்கிட்டு வேடிக்கை பாக்காத" என்று சொல்லித்தான் அம்மா அனுப்பினார்.

போனேன், வாங்கினேன், அரைத்தேன், வந்தேன். பையையும் மாவு வாளியையும் அடுப்பங்கரையில் இறக்கி வைத்தேன். அம்மா சீனிப் பொட்டலத்தை எடுத்து டப்பாவில் கொட்டிவிட்டுக் கையை நீட்டினார்.

"கார்டு எங்க புள்ள?"

பைக்குள் இல்லை. பாவாடையை உதறினேன். அம்மா பையைத் தலைகீழாகக் கவிழ்த்தார். மாவு வாளிக்குள் விழுந்திருக்குமோ என்று மணிக்கட்டு வரை கையை விட்டுத் துழாவினார். அரைத்த மாவு அப்போதும் சூடாக இருந்தது. கையை வெளியே எடுத்தபோது வளையல் வரை வெள்ளை. அட்டை இல்லை.

எனக்கு அடிவயிறு கலங்கிவிட்டது. அழுகைகூட வரவில்லை. நாக்கு மேலண்ணத்தில் ஒட்டிக்கொண்டது.

அந்த அட்டைக்கு அன்று இருந்த மதிப்பை இன்றைய பிள்ளைகளுக்குச் சொன்னால்தான் புரியும். அரிசி, சீனி, சீமெண்ணெய் மூன்றும் அதை நம்பித்தான் வீட்டுக்கு வந்தன. அதைவிட முக்கியம், இந்தக் குடும்பம் இந்த ஊரில் இந்த வீட்டில் இருக்கிறது என்று அரசாங்கம் ஒப்புக்கொண்டதற்கு எங்களிடம் இருந்த ஒரே சாட்சி அதுதான். அந்த வருடம் அண்ணன் பத்தாம் வகுப்பு தேறியிருந்தான். வேலைவாய்ப்பு அலுவலகத்தில் பெயரைப் பதிய வேண்டும், அதற்கு ரேஷன் கார்டு வேண்டும். அடுத்த வாரம் போவதாக இருந்தது. அப்பா மில் தொழிலாளி. ஒரு நாள் லீவு போட்டால் ஒரு நாள் கூலி போய்விடும். கார்டு தொலைந்தால் போலீஸ் ஸ்டேஷனுக்கும் தாலுகா ஆபீசுக்கும் எத்தனை நடை நடக்க வேண்டுமோ தெரியாது. பதினொரு வயதில் எனக்கு இத்தனையும் தெரியும். வீட்டில் பெரியவர்கள் பேசுவதைக் கேட்டு வளர்ந்த பிள்ளைகள் நாங்கள்.

வந்த வழியே திரும்பி ஓடினேன். ரேஷன் கடை பூட்டிக் கிடந்தது. மில்காரர் எனக்காக இயந்திரத்தை நிறுத்திவிட்டு, தராசுக்கு அடியிலும் மூட்டைகளுக்கு இடையிலும் விளக்குமாற்றால் கூட்டித் தேடினார். மாவுதான் வந்தது. சாக்கடை ஓரமாகக் குனிந்தபடியே மூன்று முறை அந்தப் பாதையை நடந்தேன்.

வீட்டில் அப்பத்தா அதற்குள் வேண்டுதலை முடித்துவிட்டிருந்தார். அப்பத்தா புதுக்கோட்டையில் பிறந்தவர். அவரிடம் ஒரு கணக்கு இருந்தது. பொருள் திருடு போயிருந்தால் மடப்புரம் காளிக்குக் காசு வெட்டிப் போட வேண்டும். கைமறதியாகத் தொலைந்திருந்தால் அரைக்காசு அம்மனிடம் சொல்லி வெல்லம் நேர்ந்துகொள்ள வேண்டும். திருக்கோகர்ணத்தில் இருக்கும் பிரகதாம்பாள்தான் அரைக்காசு அம்மன். புதுக்கோட்டை சமஸ்தானம் அவள் உருவம் பொறித்து வெளியிட்ட சின்னச் செப்புக்காசால் வந்த பெயர் அது. "யாரும் எடுக்கல, பிள்ள கைதவறி விட்டுருக்கா. வெல்லம் போதும்" என்று அப்பத்தா தீர்ப்புச் சொன்னார். அந்தத் தீர்ப்பு எனக்கு எவ்வளவு ஆறுதலாக இருந்தது என்பதைச் சொல்ல இன்றும் வார்த்தை இல்லை. உலகத்தில் யாரும் எங்களுக்குக் கெடுதல் செய்யவில்லை என்று அதற்குப் பொருள்.

விளக்கு வைத்த நேரத்தில் வாசலில் சைக்கிள் ரிக்‌ஷா மணி கேட்டது. ஒரு பெரியவர், தோளில் துண்டு. கையில் எங்கள் அட்டை.

மாவு மில்லுக்கு எதிரே ரோட்டில் கிடந்ததாம். அவருக்கு எழுதப் படிக்கத் தெரியாது. டீக்கடையில் கொண்டுபோய்க் கொடுத்து, "என்னான்னு பாருங்க" என்றிருக்கிறார். டீக்கடைக்காரர் அப்பா பெயரையும் தெருப் பெயரையும் வாசித்திருக்கிறார். அங்கே டீ குடித்துக்கொண்டிருந்த ஒருவர், "அட, நம்ம மில்லுல இருக்கவருல்ல" என்று சந்துக்கு வழி சொல்லியிருக்கிறார். சந்து முனையில் நின்ற பக்கத்து வீட்டுப் பையன் வாசல் வரை கூட்டிவந்திருக்கிறான். கண்டெடுத்தவர் ஒருவர், வாசித்தவர் ஒருவர், வழி சொன்னவர் ஒருவர், கூட்டிவந்தவன் ஒருவன். நான்கு பேர் கைகொடுத்து அந்த அட்டை வீடு சேர்ந்தது.

அப்பா சட்டைப் பையில் கைவிட்டார். "காசெல்லாம் வேணாம்ணே. சோத்துக்கு உள்ள பொருளு" என்றார் அந்தப் பெரியவர். அம்மா கொடுத்த மோரை மட்டும் நின்றபடியே குடித்துவிட்டுப் போனார். அட்டையின் மேல் மாவு படிந்த பெருவிரல் ரேகை ஒன்று இருந்தது. மில்லில் நான் அதைப் பிடித்திருந்த தடம். அம்மா அதைத் துடைக்காமல் அப்படியே பெட்டியில் வைத்துப் பூட்டினார். மறுநாள் கயிறு கோத்த துணிப்பை ஒன்று தைத்து என் கழுத்தில் போட்டுவிட்டார். அடுத்த வாரம் அண்ணன் பெயரைப் பதிந்துவிட்டு வந்தான்.

நாற்பது ஆண்டுகள் கழித்து, 2024 ஆகஸ்டில், இன்னொரு சனிக்கிழமை. மதுரை அண்ணா நகர் உழவர் சந்தை. 1999 நவம்பர் 14 அன்று தமிழ்நாட்டிலேயே முதன்முதலாகத் திறக்கப்பட்ட சந்தை அதுதான். தக்காளி, வெண்டைக்காய், கீரை வாங்கினேன். கைபேசியில் ஸ்கேன் செய்து பணம் அனுப்பினேன். வீட்டு வாசலில் சாவியை எடுக்கும்போதுதான் தெரிந்தது, கைபேசி இல்லை.

அதே அடிவயிறு, அதே மேலண்ணம். ஐம்பத்தோரு வயதிலும் உடம்பு அந்தப் பதினொரு வயதுக்குப் போய்விட்டது. அன்று தொலைத்தது ஒரு அட்டை. இன்று தொலைத்ததற்குள் எல்லாமே இருந்தன. ஆதார், ஓட்டுநர் உரிமம், வங்கிக் கணக்கு, வீட்டுக்காரரின் மருந்துச் சீட்டு, மறுநாள் ரயில் டிக்கெட், காலமான அம்மாவின் குரல் பதிவு ஒன்று. கேஸ் சிலிண்டர் வந்தால் சொல்ல வேண்டிய எண்கூட அதற்குத்தான் வரும்.

பக்கத்து வீட்டு அக்காவின் கைபேசியை வாங்கி என் எண்ணுக்கு அடித்தேன். மணி போனது, எடுக்க ஆளில்லை. முந்தின இரவு சத்தத்தை அணைத்து வைத்தது நினைவுக்கு வந்தது. வீட்டுக்காரர் வெளியூரில். அவரிடம் சொல்லலாம் என்றால் அவருடைய எண் எனக்கு மனப்பாடம் இல்லை. மகள் எண்ணும் இல்லை. அப்பாவின் மில் டோக்கன் எண் இன்றும் நினைவிருக்கிறது. பெற்ற மகளின் எண் தெரியவில்லை. அந்த நிமிடம் நான் உண்மையாகவே பயந்தேன்.

கைபேசி எங்கே இருக்கிறது என்று கணினியில் தேடலாம் என்றார் அக்காவின் மகன். முயன்றோம். கடவுச்சொல் கேட்டது. அதைக் கொடுத்ததும், சரிபார்க்கும் எண்ணைத் தொலைந்துபோன அந்தக் கைபேசிக்கே அனுப்பியது.

சந்தைக்குத் திரும்பியபோது பாதிக் கடைகள் காலி. கீரை விற்ற அம்மா மட்டும் காலிக் கூடைகளை அடுக்கிவைத்துவிட்டு உட்கார்ந்திருந்தார். என்னைப் பார்த்ததும் மடியிலிருந்து முந்தானையை விலக்கினார். உள்ளே என் கைபேசி.

"உனக்காகத்தான் தாயி ஒக்காந்திருக்கேன். ஊருக்குப் போற பஸ்ஸையும் விட்டாச்சு. யாரு போனுன்னு பாக்கலாம்னு தட்டித் தட்டிப் பாத்தேன். பூட்டிக் கெடக்கு. வெளிச்சம் வந்துச்சு, எடுத்தா எதுவும் ஆயிருமோன்னு பயந்துக்கிட்டு விட்டுட்டேன். இன்னுங் கொஞ்ச நேரத்துல ஆபீஸ்ல குடுத்துருப்பேன்."

பிறகு கழுத்தில் தொங்கிய தன் அட்டையைத் தூக்கிக் காட்டினார். உழவர் சந்தையில் விற்க வரும் விவசாயிகளுக்குப் படத்துடன் தரும் அடையாள அட்டை அது. "இந்தா, இது எங்கிட்டு விழுந்தாலும் என் வீட்டுக்கு வந்துரும். பேரு இருக்கு, ஊரு இருக்கு. ஒன் போனுல ஒண்ணுமே இல்லையே தாயி. கெடச்சவக எங்க கொண்டுபோய்க் குடுப்பாக?"

நாற்பது வருடத்தில் யாரும் இவ்வளவு தெளிவாக எனக்கு எதையும் சொன்னதில்லை. ரிக்‌ஷாக்காரப் பெரியவரும் இந்த அம்மாவும் ஒரே மாதிரி மனிதர்கள். இருவரும் தங்கள் பிழைப்பை நிறுத்திவிட்டு அடுத்தவர் பொருளுக்குக் காவல் இருந்தவர்கள். உலகம் கெட்டுவிட்டது, மனிதர்கள் மாறிவிட்டார்கள் என்று நான் சொல்ல மாட்டேன். மாறியிருப்பது பொருள்தான். அன்றைய அட்டை தன் விலாசத்தைப் படிக்கத் தெரிந்த யாருக்கும் சொன்னது. இன்றைய கைபேசியில் என் மொத்த வாழ்க்கையும் இருக்கிறது, ஆனால் கண்டெடுத்த நல்லவருக்கு அது என் பெயரைக்கூடச் சொல்லவில்லை. திருடனுக்குப் பயந்து போட்ட பூட்டு நல்லவரையும் சேர்த்துத் தடுத்துவிடுகிறது. பூட்டு வேண்டும், அதில் சந்தேகமே இல்லை. கதவைப் பூட்டினாலும் வாசலில் வீட்டு எண்ணை எழுதி வைக்கிறோம் அல்லவா? அதைத்தான் கைபேசிக்குச் செய்ய மறந்துவிட்டோம்.

அந்த அம்மாவை ஆட்டோவில் பேருந்து நிலையம் வரை கொண்டுபோய் விட்டேன். அவரும் பணம் வாங்கவில்லை. வீட்டுக்கு வந்ததும் முதல் வேலையாக ஒரு சீட்டில் என் பெயரையும் வீட்டுக்காரர் எண்ணையும் எழுதிக் கைபேசி உறைக்குள் வைத்தேன். பூட்டிய திரையிலேயே தெரியும்படி ஒரு வரி எழுதி வைக்கும் வசதி பெரும்பாலான கைபேசிகளில் இருக்கிறது. அதில் மகள் எண்ணைப் போட்டேன். இரண்டு எண்களையும் பள்ளிப் பிள்ளை போல எழுதி எழுதி மனப்பாடம் செய்தேன்.

தொலைந்தது கிடைக்காமல் போனால் என்ன செய்வது என்பதையும் அன்றுதான் கேட்டுத் தெரிந்துகொண்டேன். முதலில் சிம்மை முடக்கச் சொல்ல வேண்டும், பிறகு வங்கிக்குச் சொல்ல வேண்டும். பணம் போயிருந்தால் 1930 என்ற எண்ணுக்கு உடனே அழைக்க வேண்டும். போலீசில் புகார் கொடுத்து, அந்த நகலோடு மத்திய அரசின் சஞ்சார் சாத்தி தளத்தில் பதிந்தால், கைபேசியையே எந்த சிம் போட்டாலும் வேலை செய்யாமல் முடக்கிவிடலாம். அதற்குக் கைபேசியின் 15 இலக்க ஐ.எம்.இ.ஐ. எண் வேண்டும். வாங்கிய பெட்டியின் மேல் அச்சடித்திருக்கும். *#06# என்று அழுத்தினால் திரையிலும் வரும். அந்த எண்ணை ஒரு நோட்டில் எழுதி வைத்திருக்கிறேன். கைபேசியிலேயே எழுதி வைத்தால் அது தொலைகிற அன்று உதவாது.

இதைப் படிக்கிறவர்களிடம் ஒன்றே ஒன்று கேட்கிறேன். இன்று இரவு படுக்கும் முன் ஒரு சின்னச் சீட்டில் வீட்டார் ஒருவரின் எண்ணை எழுதி உங்கள் கைபேசி உறைக்குள் வையுங்கள். வயதான அப்பா, அம்மா கைபேசியிலும் அதையே செய்யுங்கள். உங்கள் பொருளை மடியில் வைத்துக்கொண்டு, பஸ்ஸை விட்டுவிட்டு, யாரோ ஒருவர் உங்களுக்காகக் காத்திருப்பார். அவருக்கு உங்கள் விலாசம் தெரிய வேண்டும்.