வீடு தேடு படலம்

'விடு' என்னும் பகுதி முதலெழுத்து நீண்டு 'வீடு' என்னும் தொழிற்பெயராகும் என்றும், 'கெடு' என்பது கேடு ஆவதும் 'படு' என்பது பாடு ஆவதும் அவ்வாறே என்றும், ஆகவே கேடு, பாடு, வீடு ஆகிய மூன்றும் ஓரினத்தைச் சேர்ந்த சொற்கள் என்றும் இலக்கண ஆசிரியர் எனக்குப் பள்ளிப் பருவத்திலேயே போதித்தார். அந்த இனப்பொருத்தத்தின் ஆழம் அப்போது விளங்கவில்லை. சென்னையின் தென்பாகத்தில் சொந்தமாக ஒரு பிளாட் வாங்குவதென்று நிச்சயித்து, இரண்டு வருஷ காலம் ஞாயிற்றுக்கிழமைதோறும் தரகர் ஒருவருடைய மோட்டார் சைக்கிளைப் பின்தொடர்ந்து மனைவியுடன் ஆட்டோவில் சென்று, 31 வீடுகளைப் பார்த்து முடித்த பிறகுதான் விளங்கிற்று.

புருஷார்த்தம் நான்கினுள் அறத்தையும் பொருளையும் இன்பத்தையும் பாடிய திருவள்ளுவர் வீட்டை மட்டும் தனியே பாடாது விட்டதேன் என்னும் வினாவுக்கு, அது மனத்துக்கும் வாக்குக்கும் எட்டாதது, அதற்குக் காரணமாகிய துறவறத்தைச் சொல்லும் வாயிலாக அன்றி அதற்கு இலக்கணம் கூறல் இயலாது என்ற கருத்தில் பரிமேலழகர் சமாதானம் சொல்லியிருக்கிறார். அவர் எண்ணிய வீடு வேறு. ஆயினும், 20 வருஷக் கடனுக்கு மாதந்தோறும் தவணை கட்டுகிற ஒரு கிருகஸ்தனுடைய உணவையும் உடையையும் யாத்திரைகளையும் அருகிருந்து கண்டவர் எவரும், வீட்டுக்குக் காரணம் துறவறமே என்ற சித்தாந்தத்தை இந்த வீட்டுக்கும் தயக்கமின்றி நீட்டிக்கொள்வர். வள்ளுவர் பிறந்த ஊரென்று கர்ணபரம்பரை சொல்வது மயிலாப்பூரை. அங்கே இன்று சதுர அடி என்ன விலை என்று விசாரித்தவர்களுக்கு, அவருடைய மௌனத்தைப் பற்றி மற்றொரு யூகமும் தோன்றக் கூடும். அதை நான் வற்புறுத்தவில்லை.

இனி விஷயத்துக்கு வருவோம். வீடு பார்த்தல் என்பது வீடு வாங்குதலின் பூர்வாங்கம் என்று உலகம் கருதி வந்திருக்கிறது. அது பூர்வபக்ஷம். வீடு பார்த்தல் வேறொன்றற்கு அங்கமாகாமல் தனக்குத் தானே பயனாக நிற்கும் ஒரு சுதந்திரமான அனுஷ்டானம் என்பதும், வாங்குதல் அதற்கு எப்போதாவது நேரும் ஒரு விக்கினமே என்பதும் இக்கட்டுரையின் சித்தாந்தம். இதற்குப் பழைய ஆதாரம் உண்டு. கம்பர் சுந்தர காண்டத்தில் 'ஊர் தேடு படலம்' என்றே ஒன்று அமைத்து, அனுமன் இலங்கையின் மனைகளை ஒவ்வொன்றாக நோக்கிச் சென்றதை விரித்துரைக்கிறார். ஒரே இரவில் அத்தனை வீடுகளைப் பார்த்து ஒன்றையும் வாங்காமல் திரும்பியவர் அவரையன்றி வேறெவரும் இலர். திரும்புமுன் அவர் அந்த ஊரையே கொளுத்திவிட்டது, 31 வீடுகளைப் பார்த்தவனுக்கு அவ்வளவாக வியப்பளிப்பதன்று.

அமெரிக்க தேசத்தார் இதற்கு 'ஓப்பன் ஹவுஸ்' என்று பெயரிட்டு, ஞாயிறு பிற்பகலில் சில மணி நேரம் விற்பனைக்குரிய வீட்டின் கதவைத் திறந்து வைத்து, தெருமுனையில் பலகை நட்டு, வருகிறவர் பெயரை ஒரு புத்தகத்தில் எழுதி வாங்கி, உள்ளே பிஸ்கோத்து வேகும் மணம் கமழும்படியும் செய்வார்கள். வருகிறவர்களில் ஒரு சாரார் அதே தெருக்காரர்கள்; பக்கத்து வீட்டுச் சமையலறை எப்படியிருக்கும் என்று வருஷக்கணக்காக அறிய விரும்பியிருந்து, அதைக் கௌரவமாக அறிந்துகொள்ள அன்றைக்குத்தான் வாய்க்கப் பெற்றவர்கள். என் சித்தாந்தத்துக்கு இவர்களே கடல் கடந்த சான்று. நம்மிடத்தில் கதவு அப்படித் திறந்து கிடப்பதில்லை. சாவி தரகரிடம் இருக்கும்; அல்லது அவருக்குத் தெரிந்த இன்னொரு தரகரிடம் இருக்கும்; அந்த இன்னொருவர் மதுராந்தகத்தில் ஒரு கல்யாணத்தில் இருப்பார்.

அறிவு பெறும் வாயில்களை நம் தர்க்க நூலார் காட்சி, கருதல், உரை என வகுப்பர். வீடு பார்ப்பவனுக்கும் பிரமாணங்கள் இவையே. ஆயின் சாத்திரத்தில் தலைமை பெற்று விளங்கும் காட்சி, இங்கே மூன்றிலும் நம்பத்தகாதது.

கயிற்றைப் பாம்பாகக் காண்பதையே காட்சி மயக்கத்துக்கு உதாரணமாகச் சொல்லி வந்தார்கள். இனி அவ்விடத்தில் மாதிரி வீட்டை வைக்கலாம். பழைய மகாபலிபுரம் சாலையை ஒட்டிய ஓரிடத்தில் நாங்கள் போய் நின்றபோது, எட்டு மாடிக் கட்டடமாக விளம்பரத்தில் கண்டது எட்டடிப் பள்ளமாகவும் அதில் தேங்கிய மழைநீராகவும் இருந்தது. மாதிரி வீடு மட்டும் அருகே ஒரு கொட்டகைக்குள் ஏ.சி. குளிரோடு சர்வ லக்ஷணங்களும் பொருந்தி விளங்கிற்று. அறைகளுக்குக் கதவு இல்லை. கதவென்று ஒன்று இருந்தால் அது திறக்க இடம் வேண்டுமே. அலமாரிக்கு ஆழம் ஒரு சாண். சாப்பாட்டு மேஜை மீது மெழுகாலான ஆப்பிள்கள். படுக்கையறையோ ஒரு கட்டிலும் இரு புறமும் தாராளமாக நடக்க வழியுமாக, நம்புவதற்குக் கூச்சமாகும் அளவுக்கு விசாலமாயிருந்தது. விற்பனைப் பெண்மணி என் மனைவிக்கு மாடுலர் கிச்சனின் மகிமையை எடுத்துரைத்துக்கொண்டிருந்த தருணம் பார்த்து நான் செருப்பைக் கழற்றிவிட்டு அந்தக் கட்டிலில் நீட்டிப் படுத்தேன். கணுக்காலுக்குக் கீழ்ப்பட்ட பாகம் முழுவதும் அந்தரத்தில் நின்றது. நான் ஐந்தடி ஏழங்குலந்தான். 2016ஆம் ஆண்டின் ரியல் எஸ்டேட் சட்டம், விளம்பரத்தையோ மாதிரி வீட்டையோ நம்பிப் பணம் கொடுத்து, அதில் அடங்கிய பொய்யினால் நஷ்டமடைந்தவனுக்கு ஈடு தர வேண்டுமென்று 12ஆம் பிரிவில் விதிக்கிறது. கயிற்றரவுக்கு நஷ்டஈடு வகுத்த பெருமை, நான் அறிந்த சாத்திரங்களுள் அதற்கே உரியது.

காட்சிக்கே அகப்படாத பதார்த்தங்களும் உண்டு. வேதாந்திகள் சரீரத்தைத் தூலம், சூக்குமம், காரணம் என மூன்றாகக் கூறுவது போல, பிளாட்டுக்கும் சரீரம் மூன்று. நாம் நடமாடக் கூடியது கார்ப்பெட் ஏரியா. வெளிச்சுவரும் பால்கனியும் கூடியது பில்ட்அப் ஏரியா. மாடிப்படி, லிப்ட், காவலாளி அறை, ஒருநாளும் நாம் இறங்கப்போகாத நீச்சல் குளம் ஆகிய எல்லாவற்றிலும் நமக்குரிய கண்ணுக்குப் புலனாகாத பங்கையும் திரட்டிக் கூட்டியது சூப்பர் பில்ட்அப் ஏரியா. மேற்படி சட்டம் வெளிச்சுவரையும் பால்கனியையும் விலக்கி, உட்சுவர்களை மட்டும் சேர்த்து, கார்ப்பெட் ஏரியாவுக்குத் தெளிவாக இலக்கணம் வகுத்துவிட்ட பின்னும், தரகர் வாக்கில் முதலில் எழுவது காரண சரீரமே. 1,100 சதுர அடி என்று வருணிக்கப்பட்ட மேடவாக்கத்து வீடொன்றை நான் நாடா பிடித்து அளந்ததில் 770 தேறிற்று. மீதி 330 எங்கே என்று கேட்டேன். தரகர் லிப்ட் இருந்த திக்கை நோக்கிப் பொதுப்படையாகக் கையை அசைத்தார். இந்த மூன்று சரீரங்களுக்கும் அப்பால், கட்டடம் இடிந்து வீழ்ந்தாலும் தான் அழியாமல் நிலைத்திருக்கும் ஆன்மாவாகிய யூ.டி.எஸ். என்னும் பிரிக்கப்படாத நிலப்பங்கு ஒன்று உண்டு. ஆன்மாவைப் போலவே அதைப் பற்றியும் கேட்டால்தான் சொல்வார்கள்.

கருதல் சிறிது மேலானது. மலையில் தீயுண்டு, புகையிருத்தலால், அடுக்களையைப் போல என்பது பழைய பாடம். இச்சுவரில் ஓதமுண்டு, இந்த ஒரு சுவருக்கு மட்டும் புதுப் பெயிண்ட் அடித்திருத்தலால், நான் குடியிருக்கும் வாடகை வீட்டில் குளியலறையை ஒட்டிய கூடத்துச் சுவரைப் போல என்பது என் பாடம். சுவரில் எவரும் ஆணியடிக்க நினையாத இடத்தில், இடுப்பளவு உயரத்தில், மளிகைக் கடைக் காலண்டர் ஒன்று தொங்குமாயின் அதன் கீழ்நுனியைப் பெருவிரலால் சற்றே தூக்கிப் பார்ப்பது இத்துறையில் தேர்ந்தவர்களின் சம்பிரதாயம். தண்ணீரின் குணமறிய, தாகமென்று சொல்லி ஒரு தம்ளர் நீர் கேட்பது முன்னோர் கண்ட உபாயம். வீட்டுக்காரர்கள் கேன் தண்ணீரை ஊற்றிக் கொடுக்கத் தொடங்கியபின் அது பயனற்றுப் போகவே, கை கழுவ வேண்டுமென்று வாஷ்பேசினுக்குச் சென்று, சோப்பு நுரைக்கிறதா, குழாயின் கழுத்தில் உப்பு வெள்ளையாகப் படிந்திருக்கிறதா என்று நோக்கும் முறை வழக்கில் வந்துள்ளது. ஒரே காலையில் நாலு வீடு பார்த்தால் நாலு முறை கை கழுவ நேரும். கேடில்லை.

நிலத்தின் லக்ஷணமோ பெரிய விஷயம். ஆறாம் நூற்றாண்டினரான வராகமிகிரர் பிருஹத் சம்ஹிதையில், மனையில் ஒரு முழக் குழி தோண்டி நீர் நிரப்பி, நூறடி நடந்துபோய்த் திரும்பி வந்து பார்க்கையில் நீர் குறையாதிருந்தால் அந்த நிலம் உத்தமம் என்றார். இந்த லக்ஷணத்தின்படி பள்ளிக்கரணையை மிஞ்சிய உத்தம நிலம் பூமண்டலத்தில் அரிது. நீரை நாம் நிரப்ப வேண்டியதுமில்லை. ஊர்ப் பெயரும் ஓர் ஏதுவாகும். தாங்கல் என்று முடிந்தால் அங்கே ஒரு காலத்தில் ஏரி இருந்தது என்று கொள்க. தியாகராய நகர் 1920களில் நெடியதோர் ஏரியின் படுகையில் எழுந்தது. அதன் அக்கம் பக்கமான மேற்கு மாம்பலத்து லேக் வியூ ரோட்டில் இன்றைக்கு லேக்கும் இல்லை, வியூவும் இல்லை, பெயர் மட்டும் சாட்சி சொல்லிக்கொண்டு நிற்கிறது.

ஆனால் பெயரைவிடச் சிறந்த சாட்சியை நான் மடிப்பாக்கத்தில் கண்டேன். "சார், ரெண்டாயிரத்துப் பதினஞ்சுலயே இங்க ஒரு சொட்டுத் தண்ணி ஏறல சார்" என்று தரகர் தம் மார்பின் மேல் கை வைத்துச் சொன்ன அந்த வேளையில், நாங்கள் கார் நிறுத்தும் தளத்தில் மீட்டர் பெட்டிகளுக்கு எதிரே நின்றிருந்தோம். அவை என் தலைக்கு மேலே புதுப் போல்ட்டுகளால் இறுக்கப்பட்டிருந்தன. அவற்றுக்கு நேர் கீழே, முழங்கால் உயரத்தில், பழைய போல்ட்டுகள் இருந்த துளைகள் வரிசையாகச் சிமெண்ட் வைத்து அடைக்கப்பட்டிருந்தன. என் மனைவி அத்துளைகளை எண்ணினாள். பன்னிரண்டு. தரகரும் அவள் எண்ணுவதைப் பார்த்தார். "மேடம், அது கரையானுக்கு மருந்தடிச்ச ஓட்டைங்க" என்றார். காங்கிரீட் தூணில் கரையான் புகும் என்பதை நாங்கள் அதுவரை அறிந்திருக்கவில்லை.

மூன்றாவதாகிய உரையில், ஆப்தன் யார் என்பதே கேள்வி. தரகர் ஆப்தர் அல்லர். வாக்கபிள் டிஸ்டன்ஸ் என்று அவர் சொன்ன தூரத்தை ஒருமுறை நடந்து பார்த்தேன், நாற்பது நிமிஷம் ஆயிற்று. விற்பவர் தம் மகன் வெளிநாட்டில் இருப்பதால்தான் விற்கிறோம் என்பார். 31 வீடுகளில் பெரும்பாலானவற்றின் மகன்கள் வெளிநாட்டில் இருந்தார்கள். காவலாளி இராப்பகலாய் அங்கேயே இருப்பவராயினும் அசோசியேஷன் சம்பளம் வாங்குகிறவர். எனவே எவரிடமும் சம்பளம் பெறாமல் எல்லா வீட்டுத் துணியையும் அறிந்தவரான, எதிர்ப்புறத்து மரநிழலில் தள்ளுவண்டி போட்டிருக்கும் இஸ்திரிக்காரரே ஆப்தர் என்பது என் நிர்ணயம். அவரிடமும் வாக்கியம் வாக்கியமாக விடை எதிர்பார்க்கலாகாது. "மூணாவது மாடி, லிப்டுக்குப் பக்கத்து வீடா சார்?" என்று அவர் கேட்டுவிட்டு, கரிப் பெட்டியை எடுத்து ஒரு சட்டையின் காலரை மிகவும் பொறுமையாக ஒருமுறை, மறுபடி ஒருமுறை தேய்த்துவிட்டு, "நல்லா விசாரிச்சு வாங்குங்க சார்" என்றார். அந்த இரண்டாவது தேய்ப்பில் ஒரு வில்லங்கச் சான்றிதழில் இருக்கக் கூடியதெல்லாம் அடங்கியிருந்தது. நாங்கள் அப்படியே ஆட்டோ ஏறினோம்.

வாஸ்துவைப் பற்றி நீட்ட விரும்பவில்லை. கைப்பேசியிலுள்ள திசைகாட்டியைக் கூடத்தின் நடுவில் பிடித்து வட்டமாகச் சுழல்கிறவர்கள் பலரைக் கண்டேன். அடியிலுள்ள இரும்புக் கம்பிகளின் கருணையால் ஒரே வீட்டின் ஈசானிய மூலை ஒரே காலையில் மூன்று இடங்களில் இருந்தது.

இவ்வாறு இரண்டு வருஷம் கழிந்து, பார்ப்பதிலேயே பூரண திருப்தி கண்டிருந்த நிலையில், நாங்கள் குடியிருக்கும் வீட்டின் சொந்தக்காரர் தம் வீட்டை விற்கப்போவதாகவும் ஞாயிற்றுக்கிழமை பதினொரு மணிக்குப் பார்ட்டி வருகிறதென்றும் போனில் சொன்னார். அழைத்து வந்தவர் நம் தரகரே. என்னை முன்பின் கண்டதாக அவர் காட்டிக்கொள்ளவில்லை. வந்தவர்கள் ஓர் இளந்தம்பதியும், அந்தப் பெண்ணின் தகப்பனார் என்று தோன்றிய ஒரு பெரியவரும். இளையவர்கள் பால்கனிக்குச் சென்று வெயிலைப் பார்த்தார்கள். பெரியவர் மட்டும் என்னிடம் குடிக்கத் தண்ணீர் கேட்டார். என் மனைவி கேனிலிருந்து பிடித்துக் கொடுத்தாள். அவர் இரண்டு மிடறு குடித்து, தம்ளரை வைத்துவிட்டு, கை கழுவ வேண்டும் என்றார்.

வாஷ்பேசினில் நீர் வெகுநேரம் ஓடியது. வீடு விலை போனால் அடுத்த மாதமே சாமான் கட்ட வேண்டியவன் நான்; ஆகவே அவரிடம் உண்மையை உரைப்பதற்கு எனக்கு ஒரு தடையும் இல்லை. ஈரக் கையை உதறிக்கொண்டே கூடத்துக்கு வந்தவர், சுவரை ஒட்டினாற்போல் மெதுவாக நடந்து, குளியலறைப் பக்கத்தில், நாங்களே மாட்டி வைத்திருந்த மளிகைக் கடைக் காலண்டருக்கு எதிரில் வந்து நின்றார்.

"மழைக்கு இங்க தண்ணி கிண்ணி வருங்களா?"

"ரெண்டாயிரத்துப் பதினஞ்சுலயே வரலைங்க" என்றேன்.

"அப்படிங்களா" என்று சொல்லி, பெரியவர் பெருவிரலால் காலண்டரின் கீழ்நுனியைத் தூக்கினார்.